லைன் வீட்டுக்கு வந்த நாவல்கள்

ஊட்டியில் நீலகிரி நூலகம் தொடங்கியது 1859-ல். பின்னர் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த அதன் கட்டடத்துக்குத் துரைமார் வாசிக்க இங்கிலாந்து நாவல்கள் கப்பலேறி வந்தன. சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கான இடம் அது. அதே மலையில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் கைக்கு ஒரு நாவல் வந்து சேர அதன்பிறகு நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அது எந்த வழியாக வந்தது என்பதை யாராவது எழுதிவைக்க வேண்டும். குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருப்பான லைனில் வளர்ந்து, பந்தலூரிலும் கோத்தகிரியிலும் தமிழாசிரியையாக வேலை பார்த்தவள் நான்; எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தோட்டத்தில் 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், முதலாளி அவர்களுக்குப் படிப்பு வசதி செய்துதர வேண்டுமென்று மாநில அரசு விதி போடலாம் என்றது அது. பன்னிரண்டோடு கணக்கு முடிந்தது. அதற்கு மேல் படிக்க டவுனுக்கு நடக்க வேண்டும். மழைக்காலத்தில் பலர் நின்றுவிடுவார்கள். நின்றவர்களுக்கும் எழுத்துக் கூட்டத் தெரியும். அவர்களுக்கு டீக்கடையில் தினத்தந்தி இருந்தது, 1960-லிருந்து அதில் கன்னித்தீவு இருந்தது. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தான். எண்பதுகளில் பாக்கெட் நாவல்களும் க்ரைம் நாவல்களும் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி மலைக்கு வந்தன.

ராஜேஷ்குமார் கோயம்புத்தூர்க்காரர். அவர் கதைகளில் வரும் ஊர்கள் எங்கள் பையன்கள் மாமன் வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்தவை. ஒரு புத்தகம் லைன் முழுக்கச் சுற்றும். திரும்பி வரும்போது அட்டை இருக்காது, சில சமயம் கடைசிப் பக்கமும் இருக்காது. கொலை செய்தது யார் என்று முன்னால் படித்தவனைப் பிடித்துக் கேட்க வேண்டும். ராத்திரி அடுப்பங்கரையில் யாராவது ஒரு பிள்ளை உரக்க வாசிக்கும். "மேல வாசிடா, அப்புறம் என்னாச்சு?" என்று அம்மாமார் அவசரப்படுத்துவார்கள். சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்த பெண்கள் சுபாவையும் பட்டுக்கோட்டை பிரபாகரையும் பெயர் சொல்லிக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வாசிப்பு அங்கேதான் தொடங்கியது.

பள்ளியில் இதற்குக் குப்பை என்று பெயர். பையில் இருந்தால் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுவிடுவார்கள். இந்தக் கண்டிப்பு பழையதுதான். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்த காலத்திலேயே, நாவல் படித்தால் இளசுகள் கெட்டுப்போகும் என்று பெரியவர்கள் எச்சரித்தார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' அந்தக் காலத்தை நன்றாகக் காட்டும்.

என் வருத்தம், பிடுங்கிய கை பதிலுக்கு எதையும் கொடுக்கவில்லையே என்பது. கொடுக்கப் புத்தகம் இருந்தது. மின்துறைப் பொறியாளரான கணவரோடு நீலகிரியில் வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன், படக மக்களோடு பழகி எழுதிய 'குறிஞ்சித்தேன்' 1963-ல் வெளியானது. தலைமுறைகளின் கதை, புதுக்காசு வந்து பழைய வாழ்வு மாறிய கதை. ஆனால் நான் மாணவியாக இருந்தபோது துணைப்பாடத்தில் மலையே இல்லை. வால்பாறைத் தோட்டங்களின் கொடுமையை டாக்டர் பி. எச். டேனியல் 1969-ல் நாவலாக எழுதினார். ஆனால் ஆங்கிலத்தில். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆக அது தமிழுக்கு வர முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 2013-ல் அந்த நாவலைத் தழுவிய பாலாவின் 'பரதேசி' படம் வந்தபிறகுதான் என் மாணவர்களில் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

பந்தலூரில் நான் கண்டது வேறு. 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கியதுதான் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீ. அந்தக் குடும்பங்களின் பெரியவர்களுக்கு, தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும் நாவல் அதிசயமில்லை. இலங்கையில் எழுபதுகளில் வீரகேசரி மலிவு விலையில் நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. ஜனரஞ்சகக் கதையும் அதில் உண்டு. 1974-ல் தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' என்ற மலையக நாவலும் அதில்தான் வந்தது. அங்கே இரண்டும் ஒரே கடையில் கிடைத்தன. எங்கள் பக்கம் ஒன்று பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் தொங்கியது, இன்னொன்று பள்ளியின் பூட்டிய பீரோவுக்குள் இருந்தது. பிள்ளைகள் இலக்கியத்தை வெறுத்தார்கள் என்று சொல்வது நியாயமில்லை. அது அவர்கள் கைக்கு வந்ததே மார்க்குக்காகத்தான், வினா-விடையாகத்தான்.

கோத்தகிரியில், படகர் ஊரான ஹட்டியிலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேசைக்கடியில் க்ரைம் நாவல் வைத்துப் படிப்பாள். முடித்ததும் 'குறிஞ்சித்தேன்' கொடுத்தேன். "எங்க ஹட்டிய வச்சு நாவலா டீச்சர்?" என்று நம்பாமல் கேட்டாள். முழுதும் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். அதே வகுப்பில் நோட்ஸைத் தவிர வேறெதுவும் தொடாத, முதல் மதிப்பெண் எடுக்கிற பிள்ளைகளால் பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. பக்கம் புரட்டும் பழக்கத்தை அவளுக்குக் கொடுத்தது அந்தக் 'குப்பை'தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்று மலையில் வேலை பார்க்கும் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புத்தகம் தொலைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்று பீரோவைப் பூட்டாதீர்கள். ராஜேஷ்குமாரையும் ராஜம் கிருஷ்ணனையும் ஒரே தட்டில் அடுக்குங்கள். எதை முதலில் எடுப்பது என்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.