தேத்தண்ணியும் சிரட்டையும்

எங்கள் சேரி மாலைப்பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் பதினாலு பேர். ஒரு நாள் பாஸ்டன் தேநீர் விருந்து பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'விருந்து' என்றதும் ஒரு பயல் கேட்டான், "விருந்துன்னா கூப்புட்டு ஊத்துனாங்களா சார்?" இல்லடா, கடல்ல கொட்டுனாங்க என்றேன். "எதுக்குக் கொட்டணும்? எங்களுக்குக் குடுத்திருக்கலாம்ல." இந்தச் சரித்திரத்தை வாயில் ஊற்றித்தான் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போனேன். பட்டணத்துத் தோழர் ஒருவர் வாங்கி அனுப்பிய பச்சைத் தேயிலை, புகைபோட்ட சீனத் தேயிலை, கொஞ்சம் இலங்கைத் தேயிலை, தெருமுனைக் கடையில் வாங்கின தூள். வீட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் கேட்டு வாங்கிய பதினைந்து கண்ணாடி கிளாஸ்.

முதலில் பச்சை. "முருங்கைக்கீரை அவிச்ச தண்ணி" என்று துப்பினார்கள். அடுத்தது புகைத் தேயிலை. "கருவாடு சுட்ட வாசம் சார்." 1773 டிசம்பர் 16 ராத்திரி பாஸ்டனில் மூன்று கப்பலிலிருந்து கொட்டிய 342 பெட்டியும் சீனத்துச் சரக்கு, பச்சையும் கறுப்பும். கொண்டுபோனது நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி. வரிமேல் இருந்த கோபத்தில் கொட்டியவர்கள், தாங்கள் விரட்டியடித்த பழங்குடிகளின் வேஷத்தையே கட்டிக்கொண்டு போனார்கள். சுதந்திரம் பேசுகிறவனுக்கு மாட்டிக்கொள்ள இன்னொருத்தன் முகம் வேண்டியிருக்கிறது!

சீனத்துக்கு வெள்ளி கொடுத்துக் கட்டுபடியாகாமல் கம்பெனி அபின் விற்றதும், அசாம் காட்டில் தோட்டம் போட்டதும் தனிக்கதை. சுருக்கமாகச் சொல்லிவிட்டு இலங்கைத் தேயிலையைக் கொதிநீரில் போட்டேன். நல்ல செம்பு நிறம்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்கிற துரை லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டான். 1869இல் காப்பிச் செடியில் இலைநோய் விழுந்தது. காப்பி அழிந்த மலையெல்லாம் தேயிலை ஏறியது. ஏற்றியது யார்? புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலத்துச் சனம். பெரும்பாலும் பள்ளர், பறையர், சக்கிலியர். 1876-78 தாது வருஷப் பஞ்சமும் ஆண்டையின் கடனும் பின்னாலிருந்து தள்ளின. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடை. காலரா கண்டவர்களை வழியிலேயே போட்டுவிட்டு நடந்தார்கள். போய்ச் சேர்ந்தவனுக்குக் கங்காணி கையில் ஒரு துண்டு. இவன் கடன் இவ்வளவு என்று எழுதின சீட்டு. அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டத்துக்குத்தான் ஆள் போகலாம். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

விடியுமுன் லயத்து வாசலில் தப்படித்து எழுப்பிப் பெரட்டுக்கு வரச்சொல்லுவார்கள். "நம்ம தப்பா சார்?" நம்ம தப்புதான். சாவுக்கு அடித்ததை அங்கே வேலைக்கு அடித்தார்கள்.

1948இல் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டார்கள். அப்படி வந்த கணக்கில் எங்கள் அப்பாயியும் ஒன்று.

அப்பாயி கிள்ளின கொழுந்து கப்பலேறிப் போகும். லயத்தில் குடித்தது தூள். பால் கிடையாது. சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணி குடிக்கும். கடைசிவரை டீ என்று சொன்னதில்லை, தேத்தண்ணிதான். பிள்ளைகளுக்கும் அப்படியே கொடுத்தேன். நாலு தேயிலையில் இதற்குத்தான் இரண்டாம் தடவை கை நீட்டினார்கள். சீனிக்காகவும் இருக்கலாம்.

ஊருக்கு வந்த புதிதில் அப்பாயி டீக்கடைக்குப் போயிருக்கிறது. கூரையில் செருகியிருந்த சிரட்டையை எடுத்துக்கிட்டு வரச்சொன்னார்கள். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இலேயே வந்துவிட்டது; சிரட்டைக்கு அது தெரியவில்லை. ஊற்றினதை வாங்கி, "நான் கிள்ளுன எலைடா இது" என்று அங்கேயே தரையில் கொட்டிவிட்டு வந்துவிட்டது. ஊர்க்கூட்டத்தில் தாத்தாவை நிறுத்தித் தண்டம் போட்டார்கள். தாத்தா கட்டினார். அப்பாயி அதற்காக அவரோடு ஒரு மாசம் பேசவில்லை.

"அப்ப ஒங்க அப்பாயியும் கொட்டிருச்சா சார்?" என்றான் முதலில் கேட்ட பயல்.

கடைசியாகக் கடைத்தூளில் பால் டீ. எல்லாருக்கும் தெரிந்த ருசி. ஒரு பெண்பிள்ளை கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "எங்களுக்குக் கடையில பேப்பர் கப்பு சார். அவங்களுக்குத்தான் கிளாஸு." சுத்தத்துக்காக என்று கடைக்காரர் சொல்லுவாராம். நானும் அந்தக் கப்பில் தினமும் குடித்துக்கொண்டுதான் இருந்தேன், பெஞ்சில் யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வம்பு வந்தால் அடி அவர்கள் வீட்டில்தான் விழும். பெற்றவர்களிடம் கேட்டேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், மற்றவர்கள் கூடவே வந்தார்கள். கிளாஸில் கேட்டோம். "கழுவல" என்றார் கடைக்காரர். நின்றோம். பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வெகுநேரம் கழித்து அவர் தொட்டித் தண்ணீரில் கையை விட்டார். ஒவ்வொரு கிளாஸாகக் கழுவி வைக்க, பிள்ளைகள் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.