சக்கர நாற்காலி வேன்

சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அதிலிருந்து இறங்காமலே ஏறிப் பயணம் செய்யும்படி மாற்றியமைக்கப்பட்ட வேன்.

அமைப்பு: ஏறுவதற்குச் சாய்தளம் அல்லது ஹைட்ராலிக் லிஃப்ட் பொருத்தப்படும். கட்டடங்களுக்குரிய 1:12 சரிவைப் பின்பற்றினால், 60 செ.மீ. உயரத் தளத்துக்கு 7.2 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அவ்வளவு நீளம் வேனுக்குப் பொருந்தாது; ஆகவே வேன்களில் இன்னும் செங்குத்தான சரிவும் உதவியாளரும், அல்லது லிஃப்டும் தேவைப்படுகின்றன. உள்ளே தலை இடிக்காதிருக்கக் கூரையை உயர்த்துவார்கள். அல்லது தளத்தைத் தாழ்த்துவார்கள். நாற்காலியை நான்கு முனைகளிலும் பட்டைகளால் தளத்தோடு பிணைக்க வேண்டும். அமர்பவருக்குத் தனி சீட் பெல்ட் கட்டாயம் வேண்டும்; நாற்காலியின் இடுப்புப் பட்டை அதற்கு ஈடாகாது.

சட்டம்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 41-ஆம் பிரிவு வாகனங்களை மாற்றியமைப்பதற்கான திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களை முறைப்படுத்துகிறது. அச்சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைத்த வாகனத்துக்குத் தனி வரையறை தந்தது.

குமாரபாளையம் வட்டாரம்: காவிரிக்கரையில் பவானிக்கு எதிரே உள்ள இவ்விசைத்தறி நகரம் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. இதே மாவட்டத்தில் நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர்பெற்றவை. வெல்டிங், தகடு வேலை, ஹைட்ராலிக் ஆகிய கைத்திறன்கள் இங்கு ஏற்கெனவே உண்டு. வேன் மாற்றத்துக்கும் அவையே அடிப்படை. எனினும் தளத்தை வெட்டுவது வண்டியின் உறுதியைப் பாதிக்கும் என்பதால், வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுவது நல்லது.