வளைந்த பிரேமும் கழுத்தில் உள்ள எண்ணும்

பிரெஞ்சு மொழியில் 'காத்ர்' என்றால் படத்துக்குப் போடும் சட்டம். மோட்டார் சைக்கிளின் பிரேமுக்கும் அதே சொல்தான். ஆங்கிலேயர் அதை 'கேடர்' என்று எடுத்துக்கொண்டு அரசு ஊழியர் அமைப்புக்குப் பெயராக்கினார்கள். ஆர்.சி. புத்தகத்தில் நாம் பார்க்கும் 'சேஸ் நம்பர்' கூட 'ஷாசி' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததே. பிரெஞ்சில் படித்து, கேடரில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் இதைப் பற்றி எழுத எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

பழைய வண்டியின் பிரேம் வளைந்துவிட்டால் நிமிர்த்துவதா, வேறு மாற்றுவதா? நம் பக்கத்தில் இந்தக் கேள்வி பெரும்பாலும் புல்லட்டைப் பற்றித்தான் வரும்.

பின்பக்கம் ஸ்விங் ஆர்ம் வைத்த 350 சி.சி. புல்லட்டை ராயல் என்ஃபீல்டு 1949இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூரிலேயே எல்லாம் செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது, 1970இல் ஆங்கிலக் கம்பெனியே போய்விட்டது. 1977இல் திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. தாய்வீடு இல்லாமல் போன பின்னும் அந்த பிரேமுக்கு வாழ்வு கிடைத்தது நம் ஊரில்தான்.

என் மாமா ஒருவரின் புல்லட் கடலூர் சாலையில் புளியமரத்தில் மோதியது. போர்க் வளைந்து, கழுத்து பின்னால் தள்ளி, முன்சக்கரம் கீழ்க்குழாயைத் தொட்டுக்கொண்டு நின்றது. பட்டறைக்காரர் முதலில் சுத்தியலை எடுக்கவில்லை, நூலைத்தான் எடுத்தார். பின்சக்கரத்தின் இரு பக்கமும் நூல் பிடித்து முன்சக்கரம் வரை இழுத்து, இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு போர்க்கைக் கழற்றிவிட்டுக் கழுத்துக்குள் நேரான கம்பியைச் செருகி, அது ஸ்விங் ஆர்ம் அச்சுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று எதிரே நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். வளைவு எங்கே என்று தெரிந்த பிறகுதான் "பெண்டு எடுத்துடலாம் சார்" என்றார்.

புல்லட்டில் இன்னொரு விஷயம் உண்டு. எஞ்சினுக்கு அடியில் குழாய் கிடையாது. எஞ்சினே பிரேமின் ஒரு பகுதி. எஞ்சினை இறக்காமல் நிமிர்த்தினால் அதன் அலுமினியக் காதுகளில் விரிசல் விழலாம். குழாய் சீராக வளைந்திருந்தால் ஜிக்கில் பூட்டி, நெருப்புக் காட்டாமல் மெதுவாக நிமிர்த்தலாம். மடிந்து சுருக்கம் விழுந்திருந்தால் அந்த இடம் பலவீனம். அந்தக் குழாயை மட்டும் வெட்டி, உள்ளே துண்டுக் குழாய் செருகிப் பற்றவைக்க வேண்டும். அக்காலத்து ஆங்கில வண்டிகள் பலவற்றில் குழாய்கள் பித்தளையால் பற்றவைக்கப்பட்டவை. அங்கே சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால் இணைப்பே இளகிவிடும். கழுத்திலேயே விரிசல் என்றால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். உயிரைவிட வண்டி பெரிதல்ல.

முழு பிரேமையும் மாற்றுவது சுலபமான வழி என்று தோன்றும். ஆனால் எண் அந்தக் கழுத்தில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டப்படி மாற்ற முடியாது. பழைய எண்ணைப் புதுப் பிரேமில் தானே அடித்துக்கொள்வது குற்றம். 2021இல் வந்த விதியின்படி, 50 வருஷம் கடந்து, பெரிய மாறுதல் எதுவும் இல்லாமல் மூல வடிவிலேயே உள்ள வண்டிதான் 'விண்டேஜ்'. ஆக, பிரேமை மாற்றினால் வண்டி ஓடும், அதன் வயது போய்விடும்.

பிரெஞ்சு 'எத்தா சிவில்' பதிவேட்டில் ஒருவருக்குக் கல்யாணம் ஆனாலும், பெயர் திருத்தினாலும், பிறப்புப் பதிவைக் கிழித்துப் புதிது எழுதுவதில்லை. அதே பக்கத்து ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிச் சேர்ப்பார்கள். நிமிர்த்திய பிரேமும் அப்படித்தான். பற்றவைத்த தழும்பு ஓரக்குறிப்பு. கழுத்து எண் பிறப்புப் பதிவு. நிமிர்த்த முடிந்தவரை நிமிர்த்துங்கள். முடியாதபோது அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, முறைப்படி மாற்றுங்கள். பழைய பிரேமை மட்டும் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள்.