பதினாலு ரூபாய் கச்சோரிக் கணக்கு

சரித்திரம் என்றாலே பட்டாபிஷேகம், படையெடுப்பு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அக்பர் பாதுஷா 1605-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆக்ராவில் காலமானார் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஆனால் அந்தச் செய்தி எட்டிய அன்று ஒரு வெளியூரில் ஜனங்கள் என்ன செய்தார்கள்? கடைகள் திறந்திருந்தனவா? இதை நமக்கு எழுதிவைத்துவிட்டுப் போனவர் ஒரு ஜைன வியாபாரி.

அவர் பெயர் பனாரசிதாஸ். 1586-இல் ஜவுன்பூரில் ஸ்ரீமால் குலத்தில் பிறந்தவர். தகப்பனார் கரக்சேன், ரத்தின வியாபாரி. மகனுக்கோ வியாபாரத்தைவிடப் பாட்டிலும் படிப்பிலும்தான் நாட்டம். அதிகப் படிப்பெல்லாம் வணிகர் பிள்ளைக்கு எதற்கு, கடையில் வந்து உட்கார் என்று பெரியவர்கள் கண்டித்தார்களாம். நம் வீடுகளிலும் கேட்ட பேச்சுதானே இது!

1641-இல் ஆக்ராவில் இருந்துகொண்டு தம் வாழ்க்கையை 675 செய்யுளாக எழுதினார். நூலின் பெயர் 'அர்த்த கதானக்'. 'பாதிக் கதை' என்று பொருள். மனிதனுக்கு ஆயுள் 110 வருஷம், எனக்கு இப்போது 55, ஆகவே இது பாதி என்பது அவர் கணக்கு. வியாபாரி போட்ட கணக்கு அல்லவா! இந்திய மொழிகளில் எழுந்த முதல் சுயசரிதை இதுவே என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

அக்பர் இறந்த செய்தி ஜவுன்பூருக்கு வந்தபோது பனாரசிக்குப் பத்தொன்பது வயது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர், சேதி காதில் விழுந்ததும் மயங்கிக் கீழே விழுந்து மண்டை உடைந்தது. தாயார் ஓடிவந்து துணியைச் சுட்டுக் காயத்தில் வைத்தாள். அதற்குள் ஊர் முழுக்கக் கலவரம். கடைகள் எல்லாம் அடைத்தாயிற்று. நகையையும் பணத்தையும் மண்ணில் புதைத்தார்கள். செல்வர்கள் நல்ல துணியைக் களைந்துவிட்டு முரட்டுத் துணியையும் கம்பளியையும் போர்த்திக்கொண்டார்கள். பணக்காரன் யார், ஏழை யார் என்று தெரியாமல் போயிற்று. ஆனால் திருடன் எவனும் வரவே இல்லை! பத்து நாள் கழித்து ஆக்ராவிலிருந்து கடிதம் வந்தது. ஜஹாங்கீர் பட்டத்துக்கு வந்துவிட்டார், ஊர் அமைதியாக இருக்கிறது என்று. அப்புறம்தான் கடை திறந்தார்கள். அரசன் ஒருவன் போனால் அடுத்தவன் வரும்வரை சாமானியனுக்கு எவ்வளவு திகில் என்பதை இந்தப் பத்து நாள் காட்டுகிறது.

1610 வாக்கில் தகப்பனார் மகனை நம்பி ரத்தினங்கள், நெய், எண்ணெய், ஜவுன்பூர்த் துணி எல்லாம் கொடுத்து ஆக்ராவுக்கு அனுப்பினார். வியாபாரம் படுத்துவிட்டது. இடுப்புக் கயிற்றில் முடிந்து வைத்திருந்த மணிகள் எங்கோ விழுந்து தொலைந்தன. உடையில் முடிந்து வைத்த மாணிக்கத்தை எலி இழுத்துக்கொண்டு போயிற்று. கையில் காசில்லை. சாயங்காலம் ஆனால் 'மதுமாலதி', 'மிருகாவதி' ஆகிய கதைகளைப் பாடிக் காட்டுவார், பத்து இருபது பேர் வந்து கேட்பார்கள். வயிற்றுக்கு? ஒரு கச்சோரிக்காரரிடம் தினமும் கடன்.

ஒருநாள் மனசாட்சி உறுத்திற்று. 'என்னிடம் ஒன்றும் இல்லை, இனிமேல் எனக்குக் கடன் தராதே' என்று தாமே போய்ச் சொல்லிவிட்டார். கச்சோரிக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? இருபது ரூபாய் வரைக்கும் சாப்பிடு, யாரும் உன்னைக் கேட்கமாட்டார்கள் என்றார். அடமானம் இல்லை, சாட்சி இல்லை. பனாரசி மாதக்கணக்கில் சாப்பிட்டார். பிற்பாடு ஒருவரோடு கூட்டு வியாபாரம் செய்து நாலு காசு பார்த்ததும் கணக்கை முடித்தார். மொத்தப் பற்று பதினாலு ரூபாய்.

ஐம்பத்தைந்து வயதில் அந்தப் பதினாலு ரூபாயை மறக்காமல் எழுதினார் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏடு எழுதிப் பழகியவனுக்குத் தெரியும், வாங்கிய கடனைத் தீர்த்த பிறகும் நினைவில் வைத்திருப்பவர்கள் அபூர்வம். தம் குறைகளையும் அவர் மறைக்கவில்லை. பொய் சொல்வேன், பேராசை உண்டு, தனியாக இருந்தால் கூத்தாடுவேன் என்று தாமே பட்டியல் போட்டிருக்கிறார். மூன்று கல்யாணம் ஆகி, பிறந்த ஒன்பது பிள்ளைகளும் இறந்துபோன துக்கத்தையும் அப்படியே சொல்லிவிட்டார்.

இன்னொரு சங்கதி. இதே பனாரசிதான் 1636-இல் 'சமயசார நாடகம்' இயற்றியவர். அதற்கு மூலம் குந்தகுந்தர் பிராகிருதத்தில் அருளிய 'சமயசாரம்'. அந்தக் குந்தகுந்தரின் திருவடிகளைத்தான் தமிழ்ச் சமணர்களாகிய நாங்கள் வந்தவாசிப் பக்கம் பொன்னூர் மலையில் வணங்குகிறோம். பொன்னூருக்கும் ஆக்ரா கடைத்தெருவுக்கும் இப்படி ஓர் உறவு!

பிழைப்புக்கு வடக்கே வந்த நாமும் ஆரம்பத்தில் யாரோ ஒரு மெஸ்காரர், டீக்கடைக்காரர் எழுதிவைத்த பற்றில் சாப்பிட்டவர்கள்தானே? அந்தக் கணக்கை எங்கே எழுதியிருக்கிறோம்? பழைய பேரேடுகளையும் கடிதங்களையும் எடைக்குப் போடுகிறோம். அதோடு நமக்குச் சோறு போட்டவர்களும் சரித்திரத்திலிருந்து போய்விடுகிறார்கள். பெரியவர்கள் ஆளுக்கு இருபது பக்கமாவது எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். முழுக்கதை வேண்டாம், பாதிக் கதை போதும்.