மணமுறிந்தவளுக்கும் பந்தியில் இடம்

மணமுறிவு ஆன பெண் கோவிலில் நன்மை (நற்கருணை) வாங்கக் கூடாது என்ற பேச்சு தமிழ்க் கத்தோலிக்கர் நடுவே நெடுங்காலமாக உண்டு. பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே அது சட்டம்போல் ஆகிவிட்டது. திருச்சபையின் போதனை அதுவல்ல. மணமுறிவு பெற்று மறுமணம் செய்யாமல் வாழ்பவர் நற்கருணை பெறத் தடையில்லை என்று 1981இல் குடும்பம் குறித்து எழுதிய அறிவுரை மடலில் இரண்டாம் ஜான் பால் தெளிவாகவே சொன்னார். அந்த ஒரு வரி எட்டாததால் கடைசி இருக்கையிலேயே உட்கார்ந்து எழுந்துபோன தாய்மார்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

சிங்கப்பூர்த் தமிழரையும் நினைத்தே இதைச் சொல்கிறேன். சிங்கப்பூரின் மேற்கே, பூன் லே அவென்யூவில் அசிசி புனித பிரான்சிஸ் கோவில் இருக்கிறது. அந்த ஜூரோங் வட்டாரத்தில் ஆலைகள் பெருகியதும், 1968இல் தொடங்கிய ஜூரோங் நகரக் கழகம் (ஜேடிசி) தொழிலாளர்களுக்கு அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. தமிழ்க் கிறிஸ்தவர்களின் பழைய இடங்களோ நகரின் நடுவில் இருந்தன. ஓஃபிர் சாலையின் லூர்து மாதா கோவில் 1888இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது இந்தியச் சிறுமிகளுடன் மெதடிஸ்ட் ஊழியர் சோஃபியா பிளாக்மோர் தொடங்கிய பள்ளியே இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி.

படிப்பு வந்தது. ஆனால் கொடுமையான மணவாழ்விலிருந்து வெளியேறும் வழி எளிதில் வரவில்லை. தாயகத்தில் 1869ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவன் மணமுறிவு பெற மனைவியின் தகாத உறவு ஒன்றே போதுமானதாக இருந்தது. மனைவியோ கணவனின் தகாத உறவோடு கொடுமையையோ, இரண்டாண்டுக் கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 1995இல் கேரள உயர் நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டைத் தள்ளியது. நாடாளுமன்றம் திருத்தியது 2001இல்தான். சிங்கப்பூரில் மாதர் சாசனம் 1961 செப்டம்பர் 15 அன்றே நடப்புக்கு வந்துவிட்டது. ஜீவனாம்சம், சொத்து, பிள்ளைப் பொறுப்பு எல்லாவற்றிலும் பெண் காலூன்ற அது நிலம் கொடுத்தது.

சட்டம் வீட்டுக்கு வெளியே கொண்டுவந்து விடும். அதற்கப்புறம் வரும் இரவுகளைத் தாங்குவதற்கு வேறொன்று வேண்டும்.

சமூகச் சீர்திருத்தவாதி பண்டித ரமாபாய்க்கு அது விசுவாசமாக வந்தது. 1882இல் கணவர் இறந்தபோது கையில் குழந்தை மனோரமா. மறு ஆண்டே இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1889இல் பம்பாயில் சாரதா சதனம் தொடங்கி, பின்னர் கேட்காவில் முக்தி இல்லத்தில் ஆயிரக்கணக்கான பெண்களையும் பிள்ளைகளையும் காத்தார். அவர் கைம்பெண், மணமுறிந்தவர் அல்லர். ஆனாலும் ஒற்றைத் தாயின் விசுவாசம் எதையெல்லாம் தாங்கும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி நம் பக்கத்தில் இல்லை.

மணமுறிந்தவர்களுக்காக ஓர் ஊழியம் பிறந்தது 1974இல், டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில். மணமுறிந்த தாயான ஜோ லாமியாவும் அருட்சகோதரி ஜோசஃபின் ஸ்டூவர்ட்டும் ‘பிகினிங் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற வார இறுதித் தியானத்தைத் தொடங்கினார்கள். அதே இழப்பைக் கடந்தவர்களே முன்நின்று பேசுவார்கள். வந்தவர்கள் தனியே எழுதி, சிறு குழுவில் மனம் திறப்பார்கள். சிங்கப்பூரிலும் இது நடந்துவருகிறது. புத்திமதி கேட்டுச் சலித்தவளுக்கு, ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்ற ஒரு சொல் பெரிய மருந்து.

2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் திருமணம் செல்லாதென அறிவிக்கும் திருச்சபை வழக்கை எளிதாக்கினார். சிங்கப்பூரில் 2024 ஜூலை 1 முதல் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சுமத்தாமல் இருவரும் இணங்கியே மணமுறிவு கோரலாம்.

திருச்சபையும் சட்டமும் வழிவிட்டுவிட்டன. மிச்சமிருப்பது நம் நாக்கு. ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் ‘வீட்டுக்காரர் வரலையா?’ என்று கேட்காதீர்கள். அவள் சனிக்கிழமை ஷிஃப்டில் இருந்தால் பிள்ளையை மறைக்கல்விக்கு அழைத்துப் போங்கள். நன்மை வாங்கும் வரிசையில் உங்களுக்கு முன்னால் அவளுக்கு இடம் விடுங்கள்.