சபையின் குரலும் நிருபரின் எழுதுகோலும்



இந்தியக் குடியரசின் முதல் மக்களவை 1952ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் கூடிற்று. தேர்தல் நடந்த 489 இடங்களுள் 364 இடங்களைக் காங்கிரஸ் பெற்றிருந்தது. நேரு பிரதமர், மவலங்கர் சபாநாயகர். எதிர் வரிசைகளில் ஏ. கே. கோபாலன், சியாமா பிரசாத் முகர்ஜி முதலியோர் வீற்றிருந்தனர்.

இப்பெரியோரின் பேச்சையும் போக்கையும் நிருபர் மாடத்திலிருந்து கண்டோர் பின்னாளில் நினைவுகளாக எழுதினர். அவற்றைச் சுவையுடன் படிக்கும் நாம் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. கேட்டதையெல்லாம் அன்றே அச்சமின்றி அச்சிட அவர்களால் இயன்றதா?

இயலவில்லை. சபையில் கூறிய சொல்லுக்காக உறுப்பினர்மீது வழக்குத் தொடுத்தல் ஆகாது என்பது அரசியல் சட்டத்தின் 105ஆம் விதி. ஆனால் அச்சொல்லை வெளியிடும் பத்திரிகைக்கு அத்தகைய தெளிவான காப்பு அப்போது இல்லை. உறுப்பினர் பேசலாம், அதை எடுத்துரைத்த ஆசிரியர் அவதூறு வழக்கில் நீதிமன்றப் படியேற நேரலாம்!

இக்குறையை நீக்க முற்பட்டவர் பெரோஸ் காந்தி. இவர் ஆளுங் கட்சியினர், பிரதமரின் மருமகர், லக்னோவில் 'நேஷனல் ஹெரால்டு' பத்திரிகையை நிருவகித்த அநுபவமும் உடையவர். 1955 டிசம்பரில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பண முறைகேடுகளை இவர் சபையில் அம்பலப்படுத்தினார். அடுத்த மாதமே ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலை அரசு தன் பொறுப்பில் ஏற்றது. பின்னர் இவர் கொணர்ந்த தனி உறுப்பினர் மசோதா 1956இல் சட்டமாயிற்று. சபை நடவடிக்கைகளைத் தீய நோக்கமின்றி, பெரும்பாலும் உண்மையாக வெளியிடுவோருக்கு அது காப்பளித்தது. வானொலிக்கும் அது பொருந்தும்.

1957 டிசம்பரில் முந்த்ரா விவகாரத்தை இவரே எழுப்பினார். நாடெங்கும் பேசப்பட்ட அவ்விவகாரத்தின் முடிவில், 1958இல் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார்.

1960இல் பெரோஸ் மறைந்தார். நெருக்கடி நிலையின்போது, அவர்தம் மனைவியார் இந்திரா காந்தியின் ஆட்சியில், அச்சட்டம் நீக்கப்பட்டது. 1977இல் அது மீண்டும் இயற்றப்பெற்றது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அக்காப்பை அரசியல் சட்டத்திலேயே பொறித்தது.

சாதாரணச் சட்டமாக இருந்தவரை அதனை எளிதில் நீக்க முடிந்தது. ஆகவேதான் அதற்கு உறுதியான இடம் தேவைப்பட்டது. மக்களின் பிரதிநிதி மக்களுக்காகப் பேசுகிறார். அப்பேச்சு மக்களின் செவிக்கு எட்டாவிடில் பிரதிநிதித்துவம் பாதியே நிறைவேறும். நாளைக் காலை பத்திரிகையில் சபைச் செய்தியைப் படிக்கையில், அவ்வரிகளுக்குப் பின்னுள்ள இப்போராட்டத்தையும் நினைவிற் கொள்ளுங்கள்.