வைத்தியர் இருந்தும் வைத்தியம் கிடைக்காத ஊர்கள்

பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், 1948 என்று உடனே சொல்லிவிடுவோம். விடை சரிதான். ஆனால் அதற்கு 35 வருடங்களுக்கு முன்பே, அந்நாட்டின் மிக வறிய மூலையொன்றில் அரச பணத்தில் ஒரு வைத்திய சேவைக்கு வழி பிறந்துவிட்டது. அந்தக் கதையை நாம் அதிகம் பேசுவதில்லை.

இடம், ஸ்கொட்லாந்தின் வடக்கு மலைநாடும் மேற்குத் தீவுகளும். ஸ்கொட்லாந்தின் நிலத்தில் ஏறத்தாழப் பாதி அது. ஆனால் சனத்தொகை சுமார் 3 இலட்சம்தான். மலை, சதுப்பு நிலம், கடல் என்று ஊர்கள் சிதறிக் கிடந்தன. மக்கள் துண்டு நிலத்தில் பயிர் செய்தும் ஆடு மாடு வளர்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தார்கள். கையில் காசு புழங்குவது அரிது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1845ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டப்படி, ஏழைகளைப் பராமரிப்பது அந்தந்தக் கோயிற்பற்றின் பொறுப்பு. அதற்காக வைத்தியர்களும் நியமிக்கப்பட்டார்கள். ஆனால் உதவி பெறுவோர் பட்டியலில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே இலவசம். பட்டியலில் இல்லாத வறியவர் காசு கொடுக்க வேண்டும். வைத்தியர் குதிரையிலும் படகிலும் வரவேண்டிய ஊர்கள் அவை. தூரம் கூடக் கூடக் கட்டணமும் கூடியது.

விளைவு என்ன? நோய் முற்றும்வரை வைத்தியரை அழைக்காமலே இருந்தார்கள். பல பிரசவங்களை முறையான பயிற்சியில்லாத ஊர்ப் பெண்களே பார்த்தார்கள். என்ன நோயால் இறந்தார் என்று எந்த வைத்தியரும் உறுதிப்படுத்தாமலே பலர் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

1911இல் தேசிய காப்புறுதிச் சட்டம் வந்தது. தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ். நல்ல திட்டம்தான். ஆனால் சொந்தமாகப் பயிர் செய்து பிழைப்பவருக்கு முதலாளி ஏது? சம்பளம் ஏது? மிகவும் தேவைப்பட்டவர்களே திட்டத்துக்கு வெளியே நின்றார்கள்.

இந்தக் குறையை ஆராய 1912இல் சேர் ஜோன் டீவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவினர் அந்தப் பிரதேசங்களுக்கே போய் மக்களிடம் நேரில் சாட்சியம் கேட்டார்கள். அதே வருடம் அறிக்கை வந்தது. 1913இல் சட்டம் நிறைவேறி, வருடத்துக்கு 42,000 பவுண் ஒதுக்கப்பட்டது.

அவர்கள் செய்த முக்கியமான காரியம் மிக எளிமையானது. வைத்தியரின் பயணச் செலவை அரசு ஏற்றுக்கொண்டது. எவ்வளவு தூரமானாலும் நோயாளிக்கு ஒரே குறைந்த கட்டணம். முழு இலவசம் அல்ல. ஆனால் தொலைவில் பிறந்ததற்காக அபராதம் கட்டும் நிலை நீங்கியது. காலப்போக்கில் பயிற்சி பெற்ற தாதியர் வந்தார்கள். 1933இல் ஐலா தீவிலிருந்து ஒரு நோயாளி விமானத்தில் பெருநிலத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார்.

ஊருக்கு ஒரு வைத்தியரை நியமித்ததோடு கடமை முடிந்தது என்று அன்றைய நிர்வாகம் நினைத்தது. அந்த வைத்தியரிடம் போய்ச் சேர ஒரு ஏழைக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் பார்க்க 67 வருடங்கள் எடுத்தன.

நம் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்: அவர்கள் காலத்தில் நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எவ்வளவு தூரம், எதில் போனார்கள் என்று. அதுவும் எழுதி வைக்கவேண்டிய வரலாறுதான்.